ஷாஃப்ட்டைப் புதுப்பிப்பதா, ஒற்றைத் துண்டுக்கு மாறுவதா?

கிளட்ச் மாற்றி வண்டியை எடுத்து வந்த அன்றே தொல்லை ஆரம்பித்தது. 90 கி.மீ. வேகம் வரை எதுவுமில்லை. 95-இல் இருக்கைக்கு அடியில் ஒரு ரீங்காரம் எழும். 105-இல் உட்புறக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் இரட்டையாகத் தெரியும். 120-ஐத் தாண்டினால் ஓரளவு அடங்கிவிடும். வண்டி பின்சக்கர இயக்கம் கொண்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதில் இரண்டு துண்டு. நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங், கியர்பாக்ஸ் முனையில் அதை இணைக்கும் ரப்பர் கப்ளிங்.

அதிர்வு என்றதும் எல்லோரும் வீல் பேலன்சிங் செய்யச் சொல்வார்கள். நானும் இரண்டு முறை செய்தேன், பயனில்லை. ஒரு சின்னக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழலும். ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் விகிதம் 3.9 என்றால், அதாவது சக்கரம் ஒரு முறை சுழல ஷாஃப்ட் 3.9 முறை சுழன்றால், ஷாஃப்ட் அதே நொடியில் 54 முறை சுழலும். சக்கரத்தின் கோளாறு உதறலாகக் கைக்குத் தெரியும். ஷாஃப்ட்டின் கோளாறு இருக்கையில் ரீங்காரமாகத்தான் வரும். என்னுடையது ரீங்காரம்.

அடுத்த சந்தேகம் புதுக் கிளட்ச் மேல். 100-இல் போகும்போது கிளட்ச்சை மிதித்தேன். எஞ்சின் ஐட்லுக்கு இறங்கியது, அதிர்வு அப்படியே இருந்தது. நான்காவது கியரானாலும் ஐந்தாவதானாலும் அதே வேகத்தில் அதே அதிர்வு. ஆகவே எஞ்சின், ஃப்ளைவீல், கிளட்ச் மூன்றும் குற்றமற்றவை. கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். (போர்ஷே 944 போல கியர்பாக்ஸ் பின்புறம் உள்ள வண்டிகளில் ஷாஃப்ட் எஞ்சின் வேகத்திலேயே சுழலும் என்பதால் இந்தச் சோதனைக்கு வேறு பொருள்.)

வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தபோது சென்டர் பேரிங்கின் ரப்பர் கீழிருந்து நல்லபடியாகத்தான் தெரிந்தது. ஷாஃப்ட்டை உள்ளங்கையால் மேலே தள்ளினேன். ரப்பர் வாய் திறந்தது. மேல்பாதி முழுக்கக் கிழிந்து, எண்ணெய்ப் பசையோடு கரும்பொடி உதிர்ந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: இரண்டு துண்டுகளும் பற்களால் கோத்துச் சேரும் இடத்தில் ஒரு பழைய பெயின்ட் கோடு, மறுபக்கத்துக் கோட்டோடு சேராமல் நின்றது. கிளட்ச் வேலைக்காக ஷாஃப்ட்டைக் கழற்றியவர் குறி பார்க்காமல் மாட்டிவிட்டார். இரண்டு துண்டும் ஒன்றாகச் சேர்த்துப் பேலன்ஸ் செய்யப்படுபவை. ஒரு பல் மாறினாலும் அந்தக் கணக்கு கலைந்துவிடும், ஷாஃப்ட்டைக் கோணத்தில் வளைந்து சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டுகளான கிராஸ்களின் ஒழுங்கும் தப்பிவிடும்.

அங்கே இரண்டு வழிகள் இருந்தன: பழையதையே முழுதாகப் புதுப்பிப்பது, அல்லது அலுமினிய ஒற்றைத் துண்டு ஷாஃப்ட்டுக்கு மாறுவது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஷாஃப்ட் வாங்குவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதன் ரப்பருக்கும் அதே வயதுதான். நான் புதுப்பித்தேன், அதைத்தான் இன்றும் சொல்வேன்.

ஒற்றைத் துண்டின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. எடை குறைவு, சென்டர் பேரிங் என்ற தொல்லையே இல்லை. நிஸான் 350இசட், மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆகியவற்றில் தொழிற்சாலையிலேயே கார்பன் ஃபைபர் ஒற்றைத் துண்டு வந்தது. 2005 முதல் 2014 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்கில் இரண்டு துண்டு எஃகை எடுத்துவிட்டு அலுமினிய ஒற்றைத் துண்டு போடுவது பிரபலமான மாற்றம். ஆனால் அலுமினியம் என்பதாலேயே ஷாஃப்ட் வேகம் தாங்கிவிடாது. நீளமான குழாய் ஒரு வேகத்துக்கு மேல் ஸ்கிப்பிங் கயிறு போல வளைந்து ஆடத் தொடங்கும். நீளம் இரட்டிப்பானால் அந்த வேகம் கால் பங்காகும். எடைக்கு ஏற்ற விறைப்பில் எஃகும் அலுமினியமும் ஏறக்குறைய சமம். ஆகவே அந்த வேகத்தை உயர்த்த உதவுவது குழாயின் பெரிய விட்டம்தான், அதற்கு வண்டியின் அடியில் இடம் வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ‘தேய ஒன்றுமில்லை’ என்று ஒற்றைத் துண்டை விற்கிறார்கள். தேய்மானம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ரப்பர் கப்ளிங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரும் அடி வாங்குவதற்காகவே வைக்கப்பட்டவை. கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது வரும் அதிர்ச்சியை அவை விழுங்கிக்கொள்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் அந்த அடி கியர்பாக்ஸின் பின்பக்க பேரிங்குக்கும் டிஃபரென்ஷியலில் ஷாஃப்ட் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கும் நேராகப் போகிறது. கிழிந்த ரப்பரை ஒரு மதியத்தில் மாற்றலாம். பினியன் பேரிங்குக்கு டிஃபரென்ஷியலையே பிரிக்க வேண்டும்.

கோணமும் இருக்கிறது. கிராஸ் வளைந்த கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை கிராஸ் சமமான கோணத்தில் இருந்தால்தான் அது ரத்தாகும். ஒற்றைத் துண்டில் இரண்டே மூட்டுகள். கியர்பாக்ஸ் மவுண்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் அந்தச் சமநிலை கெடும், ஷாஃப்ட்டில் பழுதே இல்லாமல் அதிர்வு வரும். கிராஸைப் பிடித்திருக்கும் கவையான நுகத்தின் காதுகளும் அலுமினியமாக இருந்தால், ஈரத்தில் கிராஸின் முனைகளை மூடும் எஃகுக் கப் அதோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு; கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

புதுப்பிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பல தொழிற்சாலை ஷாஃப்ட்டுகளில் கிராஸை சர்க்லிப் (கழற்றக்கூடிய பிடிப்பு வளையம்) இல்லாமல் அடித்து இறுக்கியிருப்பார்கள். மாற்ற முடியாது என்று கையேடே சொல்லும். அனுபவமுள்ள ஷாஃப்ட் பட்டறை அதைக் கடைந்து சர்க்லிப் வகையைப் பொருத்தித் தரும். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்: இரண்டு கிராஸ், சென்டர் பேரிங், ரப்பர் கப்ளிங், பிறகு முழு ஷாஃப்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேலன்ஸ். பழைய கிராஸைக் கையில் வாங்கிச் சுழற்றினேன். நேர்க்கோட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல ‘டக்’ என்று நின்றது. ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் அழுந்திக் குழி பறித்திருந்தன.

மாட்டும்போது நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். ரப்பர் கப்ளிங்கில் நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சென்டர் பேரிங்கை முன்னோக்கித் தள்ளி இறுக்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. பிஎம்டபிள்யூ இ36, இ46 மாடல்களில் அது 4 முதல் 6 மி.மீ. கழற்றும் முன் எல்லா இணைப்பிலும் பெயின்ட் குறி போட்டேன், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டேன்.

ஒற்றைத் துண்டோடு என் அனுபவம் மெலிந்தது. நண்பரின் காரை ஒரு வாரம் ஓட்டியதோடு சரி. 130-இலும் அது வழுவழுப்பாகத்தான் ஓடியது. மெதுவாகப் போகும்போது கியர் முனகல் காதில் விழுந்தது. அவருக்கு அது பொருட்டே இல்லை. ஐந்து ஆண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல முடியாது. எஞ்சினின் திறனை வெகுவாகக் கூட்டியவர்களும், பந்தயத் தளத்திலேயே ஓட்டுபவர்களும் அதை எடுத்தால் தவறு சொல்ல மாட்டேன். அந்த முறுக்குவிசைக்கு ரப்பர் கப்ளிங் சீக்கிரம் கிழியும்.

என் வண்டியில் இப்போது 105-இல் கண்ணாடி அசையவில்லை. இரண்டாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் ஒரு லேசான நடுக்கம் மிச்சமிருக்கிறது. சுமையில் மட்டும் வருவதால் கோணம் மாறுகிறது என்று தோன்றுகிறது. அடுத்து கழற்றப் போவது கியர்பாக்ஸ் மவுண்டை.