"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?": பல் மருத்துவ நேர்காணலின் கடைசி ஐந்து நிமிடத்துக்கான கேள்விகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

நம் பக்கத்தில் பல் மருத்துவப் படிப்புக்கு நேர்காணல் என்ற ஒன்றே கிடையாது. நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு, ஒதுக்கீட்டு ஆணை; அத்தோடு முடிந்தது. 2023இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் சேரும் காரைக்குடிப் பிள்ளையிடம், கல்லூரியைப் பற்றி உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே பி.டி.எஸ். முடித்துவிட்டு, அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கத்தின் 'கேப்பிட்' என்ற விண்ணப்பத் தளம் வழியாக, வெளிநாட்டில் பல் மருத்துவம் முடித்தவர்களுக்கான அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தக் கேள்வி முதன்முதலாக நம்மை நோக்கி வருகிறது. இந்தப் படிப்பு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு நீளும். அதற்காக வாங்கும் கடனோ அதைவிட நெடுங்காலம் நீளும். ஆகையால் அந்த ஐந்து நிமிடம் மரியாதைக்காக ஒதுக்கப்பட்டது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவது தவறு.

என் தங்கை மகளுக்குச் சென்ற பருவத்தில் மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு நேர்காணல்கள் இணையவழியில் நடந்தன. நியூயார்க்கில் கோடைக்காலக் காலை பத்தரை மணி என்பது நமக்கு இரவு எட்டு மணி. ஒத்திகையும் அதே நேரத்தில் நடக்கட்டும் என்று, எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மணைப்பலகை போட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தோம். அவள் ஒரு நோட்டுத்தாளில் பதினான்கு கேள்விகள் எழுதி வந்திருந்தாள். இருபது ஆண்டுகளாக இவ்வூரில் பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் நான் அவற்றை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்திப் பார்த்தேன். வைத்த உரைகல் இரண்டே. இந்தப் பதில் என் முடிவை மாற்றுமா? எதிரே இருப்பவரைத் தவிர வேறு எவரும், கல்லூரியின் இணையதளம் உட்பட, இதைச் சொல்ல முடியாதா?

முதலில் நின்றவை, "உங்கள் கல்லூரியின் தனிச்சிறப்பு என்ன?" என்பதும், "மாணவர் சேர்ந்த எத்தனையாவது மாதத்தில் தம் முதல் நோயாளியைப் பார்ப்பார்?" என்பதும். முன்னது கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் சுகமான கேள்வி. விளம்பரக் கையேட்டில் உள்ளதையே பேராசிரியர் ஒருமுறை சொல்லி முடிப்பார். பின்னதற்கு ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும், அந்த எண் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். பர்மாவில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, வேலை பழகிய எங்கள் ஐயா, பிள்ளைகளைக் கடல் தாண்டி வேலைக்கு அனுப்புகிறவர்களிடம், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் பேரேட்டை எப்போது கையில் கொடுப்பார்கள் என்று கேட்கச் சொல்வாராம். மருமகள் பின்னதை வைத்துக்கொண்டாள்.

அடுத்த இணையில்தான் எங்கள் ஒத்திகை நேரத்தில் பாதி கழிந்தது. "மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்?" என்று அவள் எழுதியிருந்தாள். அதற்கு எதிராக, "நோயாளியை மாணவருக்குக் கல்லூரி ஒதுக்கித் தருமா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? குறிப்பிட்ட கேஸ் அமையாவிட்டால் அவர் பட்டம் தள்ளிப்போகுமா?" என்பதை நான் வைத்தேன். புற நோயாளிகள் ஆயிரம் பேர் வரலாம். அவர்களில் முழுப் பல்செட் தேவைப்படும் ஒருவர் உங்கள் நாற்காலிக்கு வருவாரா என்பது வேறு கணக்கு. இங்கே பி.டி.எஸ். படித்தவர்களுக்குக் கோட்டா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொன்னால், மாணவர் முடித்துக் காட்டியாக வேண்டிய கேஸ்களின் எண்ணிக்கை அது. நான் இறுதியாண்டில் இருந்தபோது முழுப் பல்செட் கேஸ் ஒன்று குறைந்தது. தேர்வு நெருங்கிவிட்டபடியால், கண்டனூரில் இருந்த அப்பத்தாவை இரவு ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போய் என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அளவெடுக்கும் தட்டை வாயில் வைத்ததும் அப்பத்தா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆல்ஜினேட் என்ற அச்சுப்பசை இறுகும் வரை அந்தப் பிடி தளரவேயில்லை. ஐந்து முறை வந்து போன பிறகு பல்செட் தயாராயிற்று, எனக்குக் கையெழுத்தும் கிடைத்தது. ஊருக்குத் திரும்பிய அப்பத்தா அதைக் கல்யாணங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழைத்துவர ஓர் அப்பத்தா இருந்தார். அமெரிக்காவுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அங்கும் சில கல்லூரிகள் எண்ணிக்கை வைத்து மதிப்பிடுகின்றன, சில திறன் தேர்வுகளை வைத்து மதிப்பிடுகின்றன, பல இரண்டையும் கலந்து நடத்துகின்றன. நம் பழைய முறையில் ஒரு மாதம் புராஸ்தோ (செயற்கைப் பல்) போஸ்டிங், மறு மாதம் பீரியோ (ஈறு நோய்) என்று துறை துறையாகச் சுற்றி வருகிறோம். ஒரே நோயாளியின் வாய் முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாணவரிடம் ஒப்படைக்கும் முறையைப் பல அமெரிக்கக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. இரண்டாவது முறையில் கற்பது அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் நோயாளி பாதியில் வராமல் நின்றுவிட்டால் மாணவரின் கணக்கும் பாதியில் நின்றுவிடும் என்பதால், அப்போது கல்லூரி என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பதினான்கில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

தேர்ச்சி விகிதம் பற்றிய கேள்வியைப் பலரும் கட்டாயம் கேட்க வேண்டியது என்று நினைக்கிறார்கள். ஐ.என்.பி.டி.இ. எனப்படும் அமெரிக்கத் தேசியப் பல் மருத்துவத் தேர்வு இரண்டு நாளில் ஐந்நூறு வினாக்களைக் கொண்டது, முடிவும் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே வரும். அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் கல்லூரிகள் சில, விண்ணப்பிப்பதற்கு முன்பே அதில் தேறியிருக்க வேண்டும் என்கின்றன. அவ்வாறு தேறியே வந்த ஒருவர் அதே விகிதத்தைக் கேட்பது, தன் நிலைமையைத் தானே யோசிக்கவில்லை என்று காட்டிக்கொடுக்கும். அதற்குப் பதிலாக, "செய்முறையில் ஒரு மாணவர் பின்தங்கினால் எத்தனை வாரத்தில் கண்டுகொள்கிறீர்கள், யார் உடன் உட்கார்ந்து சரிசெய்கிறார்கள்?" என்று கேட்பது மேல். தோல்வியைப் பற்றிக் கேட்டால் நம்மைப் பலவீனமானவர் என்று எடைபோட மாட்டார்களா என்று மருமகள் தயங்கினாள். தயக்கம் நியாயமானதே. "நான் பின்தங்கினால்" என்று தொடங்காமல் "ஒரு மாணவர் பின்தங்கினால்" என்று தொடங்கினால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.

நம்மைப்போல் அமெரிக்காவுக்கு வெளியே பி.டி.எஸ். முடித்து வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும் இணை ஒன்று உண்டு. "படிப்பு முடித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா?" என்பதற்குப் பதிலாக, "எங்கள் பிரிவினர் கிளினிக்கில் அங்கேயே நான்காண்டுப் படிப்பு படிக்கும் மாணவர்களோடு கலந்து அமர்த்தப்படுகிறார்களா, தனியாகவா? நோயாளி ஒதுக்கீடு இரு சாராருக்கும் ஒன்றுதானா?" என்று கேட்கலாம். வேலைக் கேள்விக்கு எந்தக் கல்லூரியும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. இருக்கைக் கேள்விக்கு வரும் பதிலில், நம்மைக் கல்லூரி தன் மாணவராக நடத்துகிறதா, கூடுதல் கட்டணம் தருபவராக மட்டும் நடத்துகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

டி.டி.எஸ்., டி.எம்.டி. ஆகிய இரண்டு பல் மருத்துவப் பட்டங்களுக்கும் என்ன வேறுபாடு என்று நேர்காணலில் கேட்கவே வேண்டாம். 1840இல் பால்டிமோரில் தொடங்கிய கல்லூரி ஒரு பெயரைத் தந்தது, 1867இல் ஹார்வர்டு மற்றொன்றைத் தந்தது. படிப்பும் உரிமமும் ஒன்றே. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்ற கேள்வியும் அப்படியே, அது பொதுவில் கிடைக்கும் தகவல்.

பணத்தைப் பற்றி நேர்காணல் செய்பவரிடம் கேட்பதா, அலுவலகத்திடம் கேட்பதா? அலுவலகத்திடம்தான். பேராசிரியருக்குக் கட்டண அட்டவணை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. அமெரிக்க அரசின் மாணவர் கடன் வெளிநாட்டவருக்குக் கிடைக்காது, தனியார் வங்கிக் கடன்கள் பலவற்றுக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரவாச உரிமையோ உள்ள ஒருவரின் ஜாமீன் வேண்டும், விசாவுக்கான ஐ-20 படிவம் கிடைக்க முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். கருவிப் பெட்டிக்கான செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதையும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது. பெஞ்ச் டெஸ்ட் எனும் செய்முறைத் தேர்வு உண்டென்றால் அதே மின்னஞ்சலில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: பல்லைக் குடையத் தரப்போவது காற்றழுத்தத்தில் சுழலும் ஏரோட்டரா, மின்சாரத்தில் சுழலும் எலக்ட்ரிக் ஹேண்ட்பீஸா? நம் கை ஏரோட்டரின் இலேசான எடைக்குப் பழகியது. எலக்ட்ரிக் கருவி கனமானது, பல்லில் வைத்து அழுத்தினாலும் அதன் வேகம் குறையாது. தேர்வன்று முதன்முறையாக அதைப் பிடிப்பவர் டைப்போடாண்ட் என்ற செயற்கைத் தாடை மாதிரியின் பல்லில் வேண்டியதைவிட ஆழமாகத் தோண்டிவிடுவார்.

"ஆராய்ச்சி வாய்ப்புகள் உண்டா?" என்ற கேள்வியை நான் அடித்துவிடச் சொன்னேன், அவள் மறுத்தாள். அவள் சொன்னதில் பாதி சரி. பொதுவாகக் கேட்டால் அது வெறும் சம்பிரதாயம். நம் ஊர்ப் பல் மருத்துவர் கண்டு பழகிய ஒன்றிலிருந்து தொடங்கினால் அதே கேள்விக்கு உயிர் வந்துவிடும். விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வரும் ஊர் இது. பாக்கை வாயில் அடக்கி அடக்கி, உள்கன்னம் வெளிறி இறுகி, வாயை இரண்டு விரற்கடை அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் வருபவர்களை இங்கே பயிற்சி மருத்துவராக இருக்கும்போதே பார்த்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத பாக்கையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. "இத்தகைய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன், உங்கள் மாணவர்களுக்கு வாய் நோய்ப் பிரிவில் எவ்வளவு காலப் பயிற்சி தருகிறீர்கள்?" என்று கேட்டால், தற்பெருமை பேசாமலேயே தன் அனுபவத்தையும் சொல்லிவிடலாம். இது ஆராய்ச்சிக் கேள்வியே அல்ல என்று அவள் சிரித்தாள், எழுதிக்கொண்டாள்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதும் ஒப்பிடத் தக்கதே. பல கல்லூரிகளில் பேராசிரியரோடு ஒரு மூத்த மாணவரும் பேசுவார். பேராசிரியரிடம் பாடமுறையில் அண்மையில் மாற்றியது என்ன, ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம். மாணவரிடம், நேற்று காலை முதல் மாலை வரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் போதும். "இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, உடன் வேறொருவர் இருக்கும்போது எவரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள். நேற்றைய நாளை விவரிக்கச் சொன்னால், ஆய்வகத்தில் எத்தனை மணி வரை இருந்தார், நோயாளி வராமல் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதெல்லாம் தாமாகவே வந்துவிடும்.

பிளஸ் டூ முடித்து நேராக வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இவற்றில் பல பொருந்தா. பிரிட்டனில் ஐந்தாண்டுப் படிப்புக்கு யூகேட் என்ற நுழைவுத் தேர்வும், நிலையம் நிலையமாக நகரும் எம்.எம்.ஐ. நேர்காணலும் உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்களே கிடைப்பதால் நாம் கேட்க இடம் அரிது. அங்கே கேள்விகளைக் கல்லூரியின் திறந்த நாள் நிகழ்ச்சிக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

பதினான்கு கேள்விகளில் கடைசியாக நான்கு தேறின. இரண்டைக் கேட்பது, பேச்சினூடே அவற்றுக்குப் பதில் வந்துவிட்டால் எஞ்சிய இரண்டை எடுப்பது என்று முடிவுசெய்தோம். முதல் கல்லூரியில் நோயாளி ஒதுக்கீட்டைப் பற்றி அவள் கேட்டபோது, எதிர்ப்பக்கத்து அம்மையார், அதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார் என்று சொல்லி, அவர் ஒவ்வொரு திங்களன்றும் மாணவர்களின் பட்டியலைப் பார்க்கும் விதத்தையும் விளக்கினார். இரண்டாவது கல்லூரியில் அதே கேள்விக்கு, "எங்கள் மாணவர்கள் முயற்சி உடையவர்கள்" என்று பதில் வந்தது. அவள் திரையை மூடிவிட்டு, "அம்மான், இங்கே அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் போல" என்றாள். மூன்றாவது கல்லூரிக்கு நேரில் வரச் சொல்லியிருந்ததால், மறுநாள் காலையில் அந்த ஹேண்ட்பீஸ் மின்னஞ்சலை எழுத உட்கார்ந்தோம்.