ஷெஃபீல்ட் குருசிபிளின் சின்ன அரங்கம்: பத்து வருட அனுபவம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குக் குடிவந்த புதிதில், இங்குள்ள குருசிபிள் நாடக அரங்கம் என்றால் எனக்கு ஸ்னூக்கர் மேசை விளையாட்டுதான். 1977 முதல் உலகச் சாம்பியன் போட்டி அங்கேதான் நடக்கிறது. சுமார் 980 பேர் உட்காரும் பெரிய அரங்கம். அதே கட்டடத்துக்குள் இன்னொரு சின்ன அரங்கம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. பத்து வருடமாக நான் அதிகம் போவது அந்தச் சின்ன அரங்கத்துக்குத்தான்.

சுமார் 400 பேர் உட்காரலாம். 1984-ல் தொடங்கிய ‘மியூசிக் இன் த ரவுண்ட்’ அமைப்பின் கச்சேரிகள் இங்கே நடக்கும். வாசிப்பவர்கள் நடுவில், நாம் சுற்றிலும். முதல் தடவை செல்லோ வாசிப்பவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. முகம் தெரியாதே என்று மனசு சுருங்கியது. விளக்கு அடங்கியது. அவர் தோள் மெல்ல ஏறியது, மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. எதிரே இருந்த வயலின்காரர் அந்த மூச்சைப் பார்த்துத்தான் வில்லைத் தந்தியில் வைத்தார். அதுவரை போன எந்தக் கச்சேரியிலும் இது என் கண்ணில் பட்டதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு பக்கமாகப் பார்த்து டிக்கெட் எடுக்கிறேன். முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். வில்லில் தடவிய ரோசின் என்ற பிசின் பொடி வெளிச்சத்தில் மிதப்பது வரை தெரியும்.

நாடகங்களும் அப்படித்தான். 2022 கோடையில் பெரிய அரங்கம், பக்கத்துக் கட்டடமான லைசியம் நாடக அரங்கம், இந்தச் சின்ன அரங்கம் மூன்றிலும் ஒரே நேரத்தில் மூன்று நாடகங்கள் போட்டார்கள். நடிகர்கள் மட்டும் ஒரே குழு! கத்தரிக்கோல் பட்டறை ஒன்றைப் பற்றிய கதை. இந்த ஊருக்கே உரிய தொழில். இங்கே காட்சி முடிந்ததும் அங்கே ஓட வேண்டும். என் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றவரின் நெற்றியில் வியர்வை. அவர் ஓடி வந்த தூரம் எனக்குத் தெரியும் என்பதால் அந்த வசனம் இன்னும் கனமாக இறங்கியது.

அதே ஆண்டு இந்தச் சின்ன அரங்கத்துக்குத் தான்யா மொய்சேவிச் பெயரை வைத்தார்கள். 1971-ல் திறந்த குருசிபிளில், பார்வையாளர் நடுவே நீளும் பெரிய மேடையை வடிவமைத்தவர் அவர். அப்பா பெனோ மொய்சேவிச் பியானோ கலைஞர், அம்மா டெய்சி கென்னடி வயலின் கலைஞர். நால்வர் கூடி வாசிக்கும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், பியானோக் கச்சேரி என்றால் மட்டும் நான் பக்கம் மாற்றுவதில்லை. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், சற்று இடதுபுறம், மேல்வரிசை. இரண்டு கையும் தெரியும்.