ஊரில் குழந்தைக்கு இதய அறுவை: எஸ்டிமேட் தாளில் இருப்பதும் இல்லாததும்

விடுமுறைக்கு ஊர் வந்து இறங்கிய இரண்டாம் நாளே உறவிலோ தெருவிலோ ஒரு வீட்டிலிருந்து இப்படிச் சேதி வரலாம்: "பிள்ளைக்கு இதயத்துல ஓட்டையாம். ஆபரேஷனுக்கு மூணு லட்சம் கேக்கறாங்க." வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு உடனே பணம் கொடுத்துவிடத் தோன்றும். தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். தமிழ்நாட்டில் காப்பீட்டில் செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய அறுவை, அவசரப்பட்டுக் கட்டிய முன்பணத்தால் சொந்தக் காசில் முடிந்துவிடுவது உண்டு.

முதலில் கேட்க வேண்டியது, அந்த வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று. 2012இல் தொடங்கிய இந்தத் திட்டம் 2018இல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தால் அந்தச் சம்பளமும் குடும்ப வருமானம்தான். அதை மறைத்து வாங்கும் சான்று பின்னால் சிக்கலில் விடும்.

சிக்கல் வரும் இடங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்காது. பிறப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆதாரில் ஒரு எழுத்தும் குடும்ப அட்டையில் வேறு எழுத்துமாக அம்மாவின் பெயர் இருந்தால் காப்பீட்டு அனுமதி தள்ளிப்போகும். எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, "அட்மிஷன் போட்டுக்குவோம், அட்டையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று பணம் கட்டிச் சேர்வது. மருத்துவமனை எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அனுப்பி, அறுவைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். நம் கையிலிருந்து கொடுத்த பணத்தை ரசீது காட்டித் திரும்ப வாங்கும் திட்டம் அல்ல இது. சேர்க்கும் கவுண்டரில் முதல் வார்த்தையாகவே அட்டையைச் சொல்லிவிட வேண்டும்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் இந்தக் குழு 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. இதயத்தில் சந்தேகம் வந்தால் பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கவனிக்க மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அந்தக் கடிதம் இருந்தால் அடுத்தடுத்த கதவுகள் சீக்கிரம் திறக்கும்.

அட்டைக்குத் தகுதி இல்லாத குடும்பம் என்றால் எஸ்டிமேட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். "பேக்கேஜ்" என்ற ஒற்றைத் தொகைக்குள் அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம், இதய-நுரையீரல் இயந்திரச் செலவு, குறிப்பிட்ட நாள் ஐசியு, குறிப்பிட்ட நாள் வார்டு ஆகியவை பெரும்பாலும் அடங்கும். அந்த "குறிப்பிட்ட நாள்" எத்தனை என்பதை எழுத்தில் வாங்குங்கள். வென்டிலேட்டர் கூடுதலாக இரண்டு நாள் ஓடினால், நோய்த்தொற்றுக்கு உயர்ரக ஆன்டிபயாடிக் போட்டால், நுரையீரல் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயு தேவைப்பட்டால், அவை தனி பில்லாக வரலாம். ரத்தம், செயற்கைக் குழாய், ஓட்டையை அடைக்கும் டிவைஸ் ஆகியவை உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மார்பைத் திறக்காமல் தொடை வழியாக டிவைஸ் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். ஆனால் டிவைஸின் விலையே பில்லில் பெரும்பங்கு. நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு 2022 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டியும் உண்டு, ஐசியுவுக்கு இல்லை.

குறையின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் செலவைப் பேசுவதில் பொருளில்லை. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் இருக்கும் சிறிய ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளலாம். எக்கோ எடுத்துக் கவனித்து வந்தால் போதும். அதே இடத்தில் பெரிய ஓட்டை என்றால் முதல் ஆண்டுக்குள், பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டி, அடைத்துவிட வேண்டும். தாமதித்தால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் அறுவையே செய்ய முடியாமல் போகும். இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரின் ஓட்டை பெரும்பாலும் மூன்று நான்கு வயது வரை பொறுக்கும். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ முதல் சில வாரங்கள்தான் அவகாசம். அதற்கு நிதி திரட்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது, அன்றே பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு கீழறை மட்டுமே சரியாக வளர்ந்த குழந்தைக்குப் பல ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று அறுவைகள் தேவைப்படும். முதல் அறுவைக்கே வீட்டை அடமானம் வைத்துவிட்டால் அடுத்ததற்கு என்ன செய்வார்கள்? மொத்தம் எத்தனை அறுவை தேவைப்படும் என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்பது நல்லது.

பில்லில் வராத செலவும் இருக்கிறது. சளி, காய்ச்சல் இருந்தால் அறுவை தள்ளிப்போகும்; குணமாகி சில வாரம் கழித்துத்தான் தேதி தருவார்கள். அதுவரை வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு, அப்பாவின் கூலி இழப்பு. ரத்தம் கொடுக்க ஆட்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்வார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வரும் செலவு நம்முடையது. வெளிநாட்டிலிருந்து உதவ நினைப்பவர்கள் இந்தச் செலவை ஏற்றுக்கொண்டாலே பெரிய உதவி. காப்பீடு இதைத் தொடுவதில்லை.

பணம் கட்டும் வழியையும் யோசித்து வையுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ மருத்துவமனை ரொக்கமாக வாங்க 2017இலிருந்து வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. மருத்துவமனைக்கு யுபிஐயில் 5 லட்சம் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் வழி செய்தது. ஆனாலும் உங்கள் வங்கியின் வரம்பு குறைவாக இருக்கலாம். வெளிநாட்டு வங்கி அட்டைக்கும் தினசரி வரம்பு உண்டு. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்பதானால் எஸ்டிமேட்டோடு அறுவைக்கு முன்பே செய்ய வேண்டும். கிடைக்கும் தொகை நேரடியாக மருத்துவமனைக்குப் போகும்.

வெளிநாட்டில் பிறந்த சொந்தக் குழந்தையையே ஊருக்குக் கூட்டி வந்து அறுவை செய்ய நினைப்பவர்களுக்கு: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். இல்லையென்றால் மருத்துவ விசா எடுங்கள். உடன் வர இருவருக்கு உதவியாளர் விசா கிடைக்கும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கும் மருத்துவமனைகள் உண்டு. ஓசிஐக்கு எந்த விலை என்பதை விமான டிக்கெட் போடும் முன் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீடு ஏற்கெனவே தெரிந்த பிறவிக் குறைக்குப் பொதுவாகப் பணம் தராது.

விமான அறைக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. உடல் நீலம் பாயும் குழந்தைக்கு அங்கே ஆக்சிஜன் இன்னும் குறையும். வரும்போதும் திரும்பும்போதும் இதய மருத்துவரின் சான்றோடு விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தையும் நிரப்ப வேண்டியிருக்கலாம். அறுவை முடிந்த அடுத்த வாரத்துக்கே திரும்பு டிக்கெட் போடாதீர்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, ஒரு கையைப் பிட்டத்துக்கும் மறு கையை முதுகுக்கும் கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும். பார்க்க வரும் பெரியம்மா, அத்தை எல்லோருக்கும் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.