அந்தமான் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்

அந்தமானுக்கு ஜோடியாகப் போகலாம் என்று பேக்கேஜ் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன அக்டோபரில் நானும் என் கணவரும் போய் வந்தோம். பணம் போனதுகூட ஆறிவிடும். கடலுக்குள் எங்களை அவர்கள் நடத்திய விதம் இன்னும் ஆறவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் பார்த்துப் பேசினோம். விமான டிக்கெட் தவிர எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஹோட்டல், ஃபெரி, வண்டி, ஜாலி பாய் தீவு, எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), ஆளுக்கு ஒரு ஸ்கூபா டைவ் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது), ராதாநகர் கடற்கரை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு டின்னர். "நீங்க ஃபிளைட் ஏறினா போதும் மேடம், மிச்சமெல்லாம் எங்க பொறுப்பு" என்றார் ஏஜென்சியில் பேசிய பெண். கிளம்புவதற்கு முன்பே முழுப் பணமும் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். பதிலுக்கு ஒரு வவுச்சர் வந்தது. அதில் 'ஸ்நார்கலிங்: உண்டு', 'ஸ்கூபா: உண்டு' என்றுதான் இருந்தது. எவ்வளவு நேரம், யார் அழைத்துப் போவார்கள், எந்தப் படகு என்று எதுவும் இல்லை.

முதல் பொய் போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே தெரிந்தது. ஜாலி பாய் என்பது வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிற தீவு. 1983இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. பவளப்பாறைகளுக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளையும் மாற்றி மாற்றித்தான் திறப்பார்கள். ஏறக்குறைய நவம்பரிலிருந்து மே வரை ஜாலி பாய், மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின். இது அந்தமானில் சுற்றுலாத் தொழில் செய்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். அக்டோபரில் போகிறோம் என்று தெரிந்தே எங்களிடம் ஜாலி பாயை விற்றிருக்கிறார்கள். அங்கே போனதும், "ஜாலி பாய் க்ளோஸ் சார், நார்த் பே கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள். நார்த் பே போர்ட் பிளேருக்குப் பக்கத்திலேயே இருக்கிற இடம். அப்படியானால் ரெட் ஸ்கின் போகலாமே என்று என் கணவர் கேட்டதற்கு, அது பேக்கேஜில் இல்லை என்று பதில். வண்டூருக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, திங்கட்கிழமை விடுமுறை. ஏஜென்சிக்கு அங்கே அலைச்சல் அதிகம், கமிஷன் குறைவு. அதனால்தான் தட்டிக் கழித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிக்கொண்ட டிரைவர் அண்ணன் தமிழர், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன குடும்பம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அவர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். "தங்கச்சி, உங்ககிட்ட காசு வாங்கினவன் இங்க வந்ததே கிடையாது. அவன் இங்க ஒரு ஆளுக்கு வித்துடுவான். அந்த ஆள் ஹேவ்லாக் தீவுல இன்னொருத்தனுக்கு விடுவான். அவன் படகுக்காரனுக்கு என்ன குடுப்பான், நீங்களே யோசிச்சுக்கோங்க." நாங்கள் கட்டிய பணத்தில் எங்களைக் கடலுக்குள் கூட்டிப் போகிறவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது கடைசிச் சில்லறைதான். அந்தச் சில்லறைக்குத் தகுந்த கவனம்தான் எங்களுக்கும் கிடைத்தது. அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காரணம் போதும்.

ஹேவ்லாக் (2018இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள், வவுச்சரில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்) ஜெட்டியிலிருந்து எலிஃபன்ட் பீச்சுக்கு வேகப் படகில் கொஞ்ச நேரம்தான். படகில் ஏறும்போது கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் என்னுடையதற்கு நடு பக்கிள் உடைந்திருந்தது. வேறு கேட்டேன். "பக்கம்தான், ஒண்ணும் ஆகாது" என்று கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டான் அந்தப் பையன். எல்லாரும் ஏறிய பிறகு இன்னும் நான்கு பேரைக் கொண்டுவந்து இடுக்கி உட்கார வைத்தார்கள். எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. 2014 ஜனவரி 26 அன்று இதே அந்தமானில், போர்ட் பிளேர் கடலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அனுமதித்த அளவைவிட ரொம்ப அதிகமான ஆட்களை ஏற்றியிருந்த படகு அது. அந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் யார் மறந்திருப்பார்கள்? அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்கள் மறக்கலாமா?

ஸ்நார்கலிங் என்று அவர்கள் நடத்தியதைச் சொல்கிறேன். ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு ஆள் முன்னால் நீந்தி இழுத்துக்கொண்டு போனார். மாஸ்க் என் முகத்துக்குப் பொருந்தவில்லை, மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. வாயில் வைக்கிற குழாயை எப்படிக் கடிப்பது, தண்ணீர் புகுந்தால் எப்படி ஊதி வெளியேற்றுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரையோரத்தில் உடைந்து கிடந்த பவளத் துண்டுகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியதும், "ஃப்ரீ முடிஞ்சுது. நல்ல பாறை அந்தப் பக்கம் இருக்கு, அதுக்குத் தனி ரேட்டு" என்றார். நாங்கள் முன்பே கட்டிவிட்டோம் என்றோம். நீங்கள் கட்டியது வெறும் 'காம்ப்ளிமென்ட்ரி' என்றார். நடுக்கடலில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களிடம் விலை பேசுவது எந்த ஊர் நியாயம்? ஜோடி ஜோடியாக வந்த எல்லாரிடமும் இதேதான் நடந்தது. பக்கத்தில் இருந்த ஈரோட்டுப் பெண் பயத்தில் அழுதேவிட்டாள்.

இதைவிட என்னால் பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. வளையத்தை இழுத்த ஆள் உயிருள்ள பவளத்தின் மேலேயே ஏறி நின்று, என்னையும் நிற்கச் சொன்னார். வீடியோவுக்காக ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொடுக்கப் பார்த்தார். பவளம் கல் இல்லை, உயிர். பல வகைகள் வருடத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் வளரும், சில வகைகள் அதுவும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை எடுப்பது குற்றம். 2010இல் கடல் சூடேறி அந்தமானின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப் போயின, 2016இல் மறுபடியும் அடி வாங்கின. தப்பிப் பிழைத்ததையும் ஒரு வீடியோவுக்காக ஒடிப்பார்கள் என்றால் நாளைக்கு அந்தத் தொழிலே எதை வைத்து நடக்கும்? அந்த வீடியோவுக்கும் கரைக்கு வந்த பிறகு தனியாகப் பணம் கேட்டார்கள்.

மறுநாள் பேக்கேஜை ஓரமாக வைத்துவிட்டு, ஹேவ்லாக்கிலேயே ஒரு டைவிங் சென்டருக்கு நேரே நடந்துபோய் எங்கள் காசில் ஸ்நார்கலிங் போனோம். ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று அங்கேதான் பார்த்தோம். முதலில் ஒரு படிவத்தை நாங்களே நிரப்பினோம். மாஸ்க்கை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுக்கச் சொன்னார்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சரியான அளவு. என் முகத்துக்கு மூன்றாவது மாஸ்க்தான் சரிவந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, குழாயில் தண்ணீர் புகுந்தால் ஊதுவதைத் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். என் கணவருக்கு நீச்சல் தெரியாது. அவர் பக்கத்திலேயே கடைசி வரை ஒரு ஆள் இருந்தார். அப்புறம் கடற்சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள், பாறையைக் கொறிக்கிற கிளி மீன்கள், மணலில் அசையாமல் கிடந்த கடல் அட்டை, வாயைத் திறந்து மூடுகிற பெரிய சிப்பி என்று பார்த்துக்கொண்டே போனோம். நேரம் போனதே தெரியவில்லை. கட்டணமும் பீச்சில் 'தனி ரேட்டு' என்று கேட்டதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இப்போது மிக முக்கியமான விஷயம். ஸ்கூபா.

ஹேவ்லாக்கில் நடக்க வேண்டிய டைவை ஏதோ காரணம் சொல்லித் தள்ளி, கடைசி நாள் காலை நார்த் பேயில் வைத்தார்கள். அன்று மதியம் எங்களுக்குச் சென்னை விமானம். டைவ் செய்யும்போது அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவதால் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு டைவ் என்றாலும் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டைவிங் உலகில் பொதுவாகச் சொல்லப்படுகிற வழிமுறை. ஹேவ்லாக் சென்டரில் இதைச் சொல்லியிருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. ஏஜென்ட்டிடம் கேட்டால், "எல்லாரும் பண்றாங்க மேடம், ஒண்ணும் ஆகலையே" என்கிறார்.

அதோடு முடியவில்லை. நார்த் பேயில் நீட்டிய மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று முன்கூட்டியே டிக் அடித்திருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என் கணவருக்கு வீசிங் உண்டு, பையில் இன்ஹேலர் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். சுருங்கிய மூச்சுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். டாக்டர் அனுமதி இல்லாமல் ஆஸ்துமாக்காரரை இறக்கவே கூடாது. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை, இறங்கவில்லை. படிவத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது.

ஊருக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "நீங்களாத்தானே வேணாம்னு சொன்னீங்க" என்றார்கள். பிறகு அங்கே இருக்கிற பார்ட்னரைக் கேட்கச் சொன்னார்கள். பார்ட்னர் ஏஜென்சியைக் கேட்கச் சொன்னார். கடைசியில் நம்பரை பிளாக் செய்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகுதான் தானாகவே போன் வந்தது, பாதித் தொகை தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று. மறுத்துவிட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அந்தமானுக்கோ ஏஜென்சி இருக்கிற ஊருக்கோ அலைய வேண்டாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலேயே தாக்கல் செய்தோம். வவுச்சர், பணம் போன ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, உடைந்த பக்கிளின் படம், அந்த டிக் அடித்த படிவம் எல்லாம் சேர்த்திருக்கிறோம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஹோட்டலையும் ஃபெரியையும் வேண்டுமானால் ஏஜென்ட்டிடம் விடுங்கள். கடலில் இறங்குகிற எதையும் அங்கே போய், இறக்குகிற ஆளைப் பார்த்து, நேரடியாகப் பேசிப் பணம் கட்டுங்கள். ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். பேக்கேஜாகவே எடுப்பதென்றால் ஸ்நார்கலிங் எத்தனை நிமிடம், எந்த இடம், கூடுதல் கட்டணம் உண்டா, எந்த நிறுவனத்தின் படகு என்பதை எழுத்தில் வாங்குங்கள். போகிற மாதத்தில் ஜாலி பாய் திறந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 'எப்பவும் திறந்திருக்கும்' என்று பதில் வந்தால் அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.