கேமன் காரில் முன்னால் ஒரு கம்பெனி டயர், பின்னால் இன்னொன்று: மூன்றரை வருஷ அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆசைப்பட்டு இப்படிக் கலந்து போடவில்லை. கிடைத்ததைப் போட்டேன். 2021 ஜனவரியில் மூன்றாவது ஓனராக ஒரு போர்ஷே கேமன் எஸ் வாங்கி கோத்தகிரிக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். ("நாலு பேர் குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு வண்டி" என்று வீட்டில் இன்றுவரை பேச்சு ஓய்ந்தபாடில்லை, அதை விடுங்கள்.) வரும்போதே பின் டயர் ரெண்டும் மொட்டைக்கு ஒரு படி முன்னால். முன் டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற வரிகள்) நன்றாகவே இருந்தது.

இந்த வண்டியில் முன் டயர் 235/40 ஆர்18, பின் டயர் 265/40 ஆர்18, முதல் நம்பர் மி.மீ.யில் அகலம், அதாவது பின் டயர் அகலம் அதிகம். ஸ்விஃப்ட்டில் செய்வதுபோல் முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டுச் சமமாகத் தேய்க்க வழியே கிடையாது. இழுப்பதும் பின் சக்கரம், இன்ஜின் பாரமும் அந்தப் பக்கம், அதனால் பின் டயர்தான் எப்போதும் முதலில் தீரும். அந்தச் சமயம் பார்த்து அதே கம்பெனி, அதே மாடல் கடையில் இருக்காது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்ட பிறகு, இந்த மாதிரி அபூர்வ சைஸுக்கு அலைந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். கோயம்புத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரே ஒரு ஜோடி இருந்தது, வேறு கம்பெனி. அதையே மாட்டினேன். ஒன்று 30,000 ரூபாய்க்கு மேல். கம்பெனி பெயர்களை எழுதப்போவதில்லை, பிரச்சினை அவர்களுடையது இல்லை, நான் சேர்த்த விதத்தில்தான்.

இப்படிச் சேர்க்காதே என்று போர்ஷேயே சொல்கிறது. தன் வண்டிக்காகச் சோதித்து ஒத்துக்கொண்ட டயரின் பக்கவாட்டில் என்0, என்1 என்று ஒரு குறி இருக்கும், நாலிலும் ஒரே கம்பெனி, ஒரே குறி இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது அப்போது வியாபாரப் பேச்சாகத்தான் பட்டது.

முதல் பதினாலு மாதம், சுமார் 7,500 கிலோமீட்டர், ஒரு தொந்தரவும் இல்லை. பின்னால் புதுசு, முன்னால் பழசு. முன் டயரின் பக்கத்தில் 3616 என்றிருந்தது, அதாவது 2016ஆம் வருஷத்து 36ஆவது வாரம் செய்தது, ரப்பர் நகத்தால் அழுத்தினால் அசையாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. கட்டபெட்டு பக்கம் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளியே தள்ளும், ஆக்சிலேட்டரை விட்டால் அடங்கிவிடும். மந்தமாக இருந்தது, ஆனால் பயமில்லை. இப்போது யோசித்தால், அந்தக் கலவைதான் ரெண்டில் நல்ல கலவை.

2022 மார்ச்சில் சும்மா இருக்காமல் முன் டயரை மாற்றினேன். அடேங்கப்பா. இன்னும் மெத்தென்ற ரப்பர், நன்றாகப் பிடிக்கும் என்று பேர்பெற்ற மூன்றாவது ஒரு கம்பெனி. ஸ்டீயரிங்கை விரலால் தொட்டாலே மூக்கு உள்ளே பாய்ந்தது, அரவேனு பக்கம் ஒரு மாதம் வேலையே இல்லாமல் போய்வந்தேன் என்றால் பாருங்கள். அப்புறம்தான் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. முன் டயரின் பக்கச்சுவர் விறைப்பு, பின் டயருடையது கொஞ்சம் இளகல். வளைவில் மூக்கு உடனே திரும்பிவிடும், பின்பாகம் அரை நொடி கழித்துச் சாய்ந்து வந்து சேரும். ஒரு வளைவை ரெண்டு தவணையில் எடுப்பது போல. காய்ந்த ரோட்டில் ரெண்டு வாரத்தில் பழகிப்போச்சு, பழகிப்போனதுதான் தப்பு.

அந்த நவம்பர். குஞ்சப்பனையிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறக்கம், காலையில் பெய்த மழை நின்று கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஓர் இடது வளைவில் சில்வர் ஓக் இலைகள் ஈரத்தோடு தார் ரோட்டில் ஒட்டிக் கிடந்தன, வெள்ளிப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி. எதிரே அரசு பஸ் ஏறி வந்தது. கால் தானாகவே ஆக்சிலேட்டரை விட்டது. இறக்கத்தில், வளைவின் நடுவில், சீட்டுக்குப் பின்னால் இன்ஜின் இருக்கிற வண்டியில் செய்யக்கூடாததே அதுதான், பாரம் சட்டென்று முன்னால் போய் பின் சக்கரம் லேசாகிவிடும். முன் டயர் இலையையும் தாண்டிப் பிடித்துக்கொண்டது. பின் டயர் பிடிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ பாயை உருவினது மாதிரி இருந்தது. மஞ்சள் விளக்கு படபடவென்று அடித்து, வண்டியே ஒரு சக்கரத்துக்குத் தனியாக பிரேக் போட்டு நேராக்கியது. அந்த எலெக்ட்ரானிக்ஸ் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. பஸ் டிரைவர் நிறுத்தி எட்டிப்பார்த்து, "என்னங்க, வண்டி கோத்தகிரிக்கே திரும்பப் பாக்குதா?" என்றார்.

கீழே போய் பட்டன் ஆழம் அளந்தேன். பின்னால் 3 மி.மீ., முன்னால் 7. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், சரிதான். ஆனால் தண்ணீரை ஒதுக்குகிற வேலையில் 3க்கும் 7க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டு கம்பெனி என்பதைவிட, நல்ல பிடிமானத்தை முன்னால் கொண்டுபோய் வைத்ததுதான் நான் செய்த கோளாறு. முன்பக்கம் வழுக்கினால் கை உடனே சொல்லிவிடும், வேகத்தைக் குறைத்தால் மீளலாம். பின்பக்கம் வழுக்கினால் தெரிய வருவதற்குள் பாதி சுற்றிவிட்டிருக்கும். நம் ஊரில் பாதிக் கடைகளில் புது டயரை முன்னால் போடச் சொல்வார்கள், ஸ்டீயரிங் முன்னால்தானே இருக்கு என்று. தலையாட்டாதீர்கள்.

டிசம்பரிலேயே பின்னாலும் முன்னாலிருந்த அதே கம்பெனி, அதே மாடல் போட்டேன். "புதுசு" என்று கடைக்காரர் எடுத்து வைத்த முதல் ஜோடி ரெண்டு வருஷம் பழையது, தேதியைக் காட்டித் திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்தேன். அதிலிருந்து 7,000 கிலோமீட்டர் ஆகிறது. வளைவு இப்போது ஒரே தவணை.

குளிரிலும் வித்தியாசம் தெரிந்தது. இந்த வகை ரப்பர் (கோடைக்கால டயர் என்பார்கள்) 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துக்கொள்ளும். கலவையாக இருந்த காலத்தில், 2022 டிசம்பர் முதல் வாரம் ஒருநாள் விடிகாலை ஊட்டி பக்கம் தலைகுந்தா போனபோது, முன் டயர் சூடேறிய பிறகும் பின் டயர் இன்னும் மரக்கட்டையாகவே இருந்தது. எல்லாம் ஒரே மாடலானபின் நாலும் சேர்ந்தே விறைக்கின்றன, சேர்ந்தே இளகுகின்றன. குளிர் குளிர்தான், ஆனால் எவ்வளவு மெதுவாகப் போகணும் என்று ஒரே கணக்காகப் போட முடிகிறது.

காற்றைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் அடித்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால், டயர் ஆறினபின் மீட்டர் ஏறக்குறைய அதேதான் காட்டுகிறது. ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ரெண்டு மூன்று பிஎஸ்ஐ கூடணும், குளிரால் அதே அளவு குறையணும், ரெண்டும் கழிந்துவிடுகிறது.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் என் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு சில மி.மீ. மாறும், அது அந்த வண்டிகளில் நடுவிலிருக்கும் கியர் அமைப்பைத் தின்னும். இடது ஒன்று வலது ஒன்று என்பது எந்த வண்டிக்கும் ஆகாது.

இப்போது, 2024 ஆகஸ்டில், பின்னால் நாலரை மி.மீ. மீதி. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றியாகணும். அதே மாடல் வர ஆறு வாரம் என்கிறார் கடைக்காரர், வேறு கம்பெனி என்றால் நாளைக்கே மாட்டித் தருகிறாராம். முன்னால் இருப்பதைவிட அது மழையில் நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் சூப்பரா இருக்கும் சார்" என்றார். ஆறு வாரத்துக்கே ஆர்டர் கொடுத்துவிட்டு மலை ஏறினேன்.