நாயின் புற்றுக்கட்டிக்கு ஒளிச் சிகிச்சை: யாருக்குப் பொருந்தும்?

எங்கள் நாயின் ஈறில் வந்த சிறிய புற்றுக்கட்டிக்கு போட்டோடைனமிக் சிகிச்சை எனப்படும் ஒளிச் சிகிச்சையைச் செய்துகொண்டோம். கட்டி ஆழமில்லாததாகவும் வேறெங்கும் பரவாததாகவும் இருந்தால் மட்டுமே இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

ஒளியை உள்வாங்கும் மருந்தை முதலில் இரத்தக்குழாய் வழியே செலுத்துகிறார்கள். அது கட்டியில் சேர்ந்ததும், நாய்க்கு முழு மயக்கம் கொடுத்து, அந்த மருந்துக்கேற்ற அலைநீளமுள்ள ஒளியை லேசர் கருவியிலிருந்து கட்டியின் மேல் பாய்ச்சுகிறார்கள். போட்டோஃப்ரின் என்ற மருந்துக்கு அது 630 நானோமீட்டர் சிவப்பொளி. ஒளிபட்ட மருந்து திசுவிலுள்ள ஆக்சிஜனை வீரியமான வடிவத்துக்கு மாற்ற, அது புற்றணுக்களையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் அழிக்கிறது. சிவப்பொளி திசுவுக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பயன்தரும் அளவில் செல்வதில்லை என்பதால், எலும்புக்குள் இறங்கிய கட்டிக்கு அறுவை சிகிச்சையே நல்லது. மெலனோமா என்ற நிறமிப் புற்று கருநிறமாக இருந்தால், நிறமியே ஒளியை விழுங்கிவிடுவதால் அதற்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது.

நாங்கள் சென்ற மருத்துவமனையில் என்னை மிகவும் கவர்ந்தது, பயாப்சி (கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது), நிணநீர்க்கணுப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் மூன்றும் முடியும்வரை மருத்துவர் எந்த உறுதியும் தராததுதான். பொருந்தாத நாய்க்கு இதைச் செய்வது மயக்க மருந்தின் ஆபத்தை வீணாக ஏற்பதாகும் என்று அவர் விளக்கியபோதே எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

குறையும் உண்டு. சிகிச்சைக்குப் பின் வீக்கம் வரும், இறந்த திசு உரிந்து விழும், வாயில் துர்நாற்றம் அடிக்கும் என்பதை முன்கூட்டியே எழுதித் தந்திருக்கலாம். வலி மருந்தும் மென்மையான உணவும் இல்லாமல் அந்த நாட்களைக் கடக்கவே முடியாது. வெயில் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. போட்டோஃப்ரின் பெற்ற மனிதர்களே குறைந்தது 30 நாட்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். வேறு மருந்துகளில் இக்காலம் குறைவு என்பதால், எந்த மருந்து, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் நாயின் மூக்கும் காதின் உட்புறமும் எளிதில் புண்ணாகும்.

வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் சிவப்பு விளக்குகளை இதனோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். மருந்தில்லாத அந்த வெறும் ஒளி, போட்டோடைனமிக் முறையில் புற்றணுக்களை அழிப்பதில்லை. உயிரணுக்களின் செயல்பாட்டைத் தூண்டுவதற்கென்றே அமைந்தது என்பதால், கட்டியின் மேல் அதைக் காட்ட வேண்டாமென்றே பொதுவாகக் கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

எங்கள் நாய்க்குத் தாடையை வெட்ட நேரவில்லை, ஈறும் ஆறிவிட்டது. கட்டி மறுபடி தலைகாட்டுகிறதா என்று தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். தேவைப்பட்டால் அதே இடத்தில் இச்சிகிச்சையை மீண்டும் செய்யலாம் என்பது கதிர்வீச்சு சிகிச்சையில் எளிதில் கிடைக்காத வசதி.