மலாக்கா: போர்த்துகீசியர் ஆட்சியா, டச்சுக்காரர் ஆட்சியா?

1511-இல் போர்த்துகீசியத் தளபதி அல்போன்சோ டி அல்புகெர்க், இன்றைய மலேசியாவில் உள்ள துறைமுக நகரான மலாக்காவைப் பிடித்தார். 1641-இல் அண்டை மலாய் அரசான ஜொகூரின் சுல்தான் துணையோடு டச்சுக்காரர்கள் அதைப் பறித்தனர். இரண்டு ஆட்சியும் நூற்றாண்டைத் தாண்டியவை; நோக்கம் மட்டும் வேறு.

போர்த்துகீசியருக்கு மலாக்காதான் குறி. நறுமணப் பொருள் வணிகத்தைத் தங்கள் கைக்குள் அடக்க நினைத்து, கப்பல்களுக்கு அனுமதிச் சீட்டும் சுங்கமும் விதித்தார்கள். அங்கேதான் சறுக்கினார்கள். முஸ்லிம் வணிகர்கள் சுமத்ராவின் அச்சே, ஜொகூர் பக்கம் நகர, சரக்கும் கூடவே போயிற்று. டச்சுக்காரருக்கோ தலைமையிடம் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா). மலாக்கா போட்டித் துறைமுகமாக வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மலாக்கா நீரிணையைக் காவல் காக்க ஒரு கோட்டை, அவ்வளவே.

மதத்தில் டச்சுக்காரர் கத்தோலிக்கரைத்தான் அதிகம் ஒடுக்கினர். தமிழ் வணிகர் வழிவந்த இந்துக்களான மலாக்கா செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது டச்சுக்காரர் காலத்தில்தான், 1781-இல்.

நேரில் பார்ப்பவர்கள் குழம்பும் இடம், பழைய மலாக்காக் கோட்டையில் எஞ்சி நிற்கும் சந்தியாகு வாயில். கோட்டை போர்த்துகீசியர் கட்டியது. ஆனால் வாயிலின் மேல் இருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும். பழுது பார்த்தவர்கள் பொறித்தது அது. மற்ற சுவர்களை 1807 வாக்கில் இடித்தது இவர்கள் இருவருமல்ல, ஆங்கிலேயர். மக்கள் வாழ்வில் விட்டுச்சென்றதைக் கேட்டால் போர்த்துகீசியரே முந்துகிறார்கள்: போர்த்துகீசியமும் மலாயும் கலந்து அவர்கள் வழிவந்த கிறிஸ்தாங் மொழி இன்றும் அங்கே பேச்சில் இருக்கிறது.